மாடு களைத்தால் கிணறு ஊறும்

மாடு கட்டி நீர் இறைக்கும் கவலையில், மாடுகள் கிணற்றைவிட்டு விலகி நடக்கும்போதுதான் தண்ணீர் கிணற்றைவிட்டு மேலே வரும். நடைதடம் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். இறக்கத்தில் மாட்டின் எடையே பாதி இழுவையைச் செய்துவிடும். ஓட்டுபவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக்கொள்வார். தண்ணீர் மொள்ளும் சாலின் அடியில் தைத்திருக்கும் தோல் வால், மேலே வரும்வரை மடங்கி நிமிர்ந்தே இருக்கும். வால் வழியே தண்ணீர் கொட்டாது. கிணற்று மேட்டுக்கு வந்ததும், வடம் சாலைத் தொடர்ந்து உயர்த்த, கீழ் உருளை வழியாக ஓடும் வால்கயிறு தோல் வாலை மட்டும் தொட்டிப் பக்கம் இழுத்து நீட்டிவிடும். தண்ணீர் தானாகக் கொட்டும். கிணற்று வாயில் நின்று சாலைக் கவிழ்க்க ஆள் வேண்டாம். இரண்டு கயிறு, இரண்டு உருளை, ஒரு தோல் குழாய், இவ்வளவுதான். யார் கண்டுபிடித்தார் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லாத இந்த ஏற்பாடு, ஒரு மனிதரின் நாள் முழுவதுமான வேலையை மிச்சப்படுத்தியது. மாடுகள் பின்னோக்கி மேடேறி வந்து நிற்கும்; சால் மறுபடி அமிழும். வெயில் ஏறியதும் மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். மாடு நிழலில் அசைபோடும் நேரத்தில் கிணறு ஊறும்.

அந்தக் கடைசி விஷயம்தான் இந்தக் கட்டுரையின் பொருள். நீர் இறைக்கும் கருவிகள் தமிழகக் கிராமத்தை எப்படி மாற்றின என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு கருவியும் எவ்வளவு நீரைத் தந்தது என்றே கணக்குப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கருவியும் எவ்வளவு நீரைத் தர மறுத்தது என்ற கணக்கும் இருக்கிறது. ஆட்கள் இறைக்கும் ஏற்றமும் மாடு இழுக்கும் கவலையும் இறைக்கும் கருவிகளாக மட்டும் இருக்கவில்லை. யாரும் எழுதி வைக்காத ஒரு தண்ணீர்ச் சட்டமாகவும் இருந்தன. பம்புசெட் வந்தபோது கருவி மாறியது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அந்தச் சட்டமும் அதோடு போய்விட்டது யார் கண்ணிலும் படவில்லை. கடந்த அறுபது எழுபது ஆண்டுகளின் நிலத்தடி நீர்ச் சிக்கலுக்கு மோட்டாரையோ, இலவச மின்சாரத்தையோ, உழவரின் பேராசையையோ தனியாகக் குற்றம் சொல்வதைவிட, காலியான அந்த இடத்தில் நாம் எதையும் வைக்கவில்லை என்பதை முதன்மைக் காரணமாகக் கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும். நீர்மட்டம் 10 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நல்ல ஜோடி மாடு சுமார் 500 வாட் இழுவை தருகிறது. ஒழுகலும் உராய்வும் போக ஐந்தில் மூன்று பங்கு நீராக வருகிறது என்று கொள்வோம். மணிக்குச் சுமார் 11,000 லிட்டர் வரும். அந்த ஒரு ஏக்கருக்கு 18 மணி நேரம், அதாவது நாளுக்கு ஆறு மணி நேரம் இறைத்தால் மூன்று நாள். பயிருக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்றால் ஒரு ஜோடி மாட்டை நம்பி மூன்று ஏக்கருக்கு மேல் யாரும் தோட்டப்பயிர் வைக்க முடியாது. இப்போது அதே கிணற்றில் 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை வைப்போம். கொடுத்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் வீணடிக்கும் சுமாரான மோட்டாராகவே இருக்கட்டும். அதுவும் நான்கு மணி நேரத்துக்குள் அந்த ஏக்கரை நனைத்துவிடும். எட்டு மீட்டர் சதுரக் கிணறாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் முக்கால் மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கும். தமிழகத்தின் பெரும்பகுதி கடினப்பாறை நிலம். மக்கிய பாறை அடுக்கிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கிறது. அது கசிந்து கிணற்றுக்கு வரவே நேரம் பிடிக்கும். மாட்டின் களைப்பு, தற்செயலாகவேனும், அந்தக் கசிவின் வேகத்தோடு ஒத்துப்போனது. மோட்டாருக்குக் களைப்பு கிடையாது.

இந்த இடத்தில் சட்டப் புத்தகத்தையும் திறந்து பார்க்க வேண்டும். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்துக்கு அடியில் வரையறுத்த ஓடைகளில் ஓடாத நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை அந்த நில உரிமையாளருக்கே தருகிறது. எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கவலையும் ஏற்றமும் மட்டுமே இருந்த நாட்டில் அளவில்லாத உரிமை என்பது காகிதத்தில்தான் அளவில்லாதது. தடத்தில் மாடு நின்றால் உரிமையும் நின்றது. ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து வந்த ஒரு விதி தமிழக உழவரின் கிணற்று மேட்டில் தொல்லையில்லாமல் காலந்தள்ள முடிந்ததற்குக் காரணம் அந்த விதியின் அறிவு அல்ல, மாட்டின் உடம்பு. பிறகு கருவி மாறியது. சட்டம் அப்படியே இருக்கிறது.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. சென்னை மாகாணத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர், எண்ணெய் எஞ்சினால் ஓடும் பம்புகளை உழவர்களிடம் கொண்டுசேர்க்க முனைந்தார். அவரே குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளையும் நடத்தினார். தண்ணீரில் ஊறி அழுகாத கவலைச் சால் செய்வது அதன் தொடக்க நோக்கங்களில் ஒன்று. பழைய கருவியைப் பலப்படுத்தவும் அதை ஒழித்துக்கட்டவும் ஒரே ஆள் ஒரே காலத்தில் உழைத்திருக்கிறார் என்பது சுவையான முரண். எண்ணெய் எஞ்சின் ஓரளவே பரவியது. உண்மையான திருப்பம் 1932இல் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையம் உற்பத்தி தொடங்கிய பிறகு வந்தது. கோயம்புத்தூர் பஞ்சாலைகளைத் தேடி வந்த மின்கம்பி வழியிலிருந்த தோட்டங்களையும் தொட்டது. 1930களின் பிற்பகுதியில் அந்த ஊரிலேயே மின்மோட்டார் செய்யத் தொடங்கினார்கள். வார்ப்புப் பட்டறைகள் பெருகின. பம்பு என்றாலே கோயம்புத்தூர் என்றாயிற்று. விடுதலைக்குப் பிறகு கிணறுகளுக்கு மின் இணைப்புக் கொடுப்பதில் சென்னை மாநிலம் நாட்டுக்கே முன்னோடியாக இருந்தது. இன்று வேளாண் மின் இணைப்புகள் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

முதலில் வந்த மோட்டாருக்கும் ஒரு வரம்பு இருந்தது. மேட்டில் உட்கார்ந்து உறிஞ்சும் பம்பு, காற்றழுத்தத்தின் தயவில் வேலை செய்வது. கொள்கையளவில் 10 மீட்டருக்குச் சற்று மேலும், நடைமுறையில் ஏழு மீட்டர் போலவும்தான் அதனால் உறிஞ்ச முடியும். நீர்மட்டம் அதற்குக் கீழே போனால் மோட்டாரையே கிணற்றுக்குள் இறக்க வேண்டும். கொங்குப் பகுதியின் பழைய கிணறுகளுக்குள் எட்டிப் பார்த்தால் இந்த வரலாறு சுவரிலேயே தெரியும். முதல் மோட்டார் நின்ற திண்டு, அதற்குச் சில மீட்டர் கீழே இரண்டாவது திண்டு, அதற்கும் கீழே பாறையில் வெடிவைத்துத் தோண்டிய குழி, குழியின் பக்கச் சுவரில் நீர்த்தடம் தேடிக் கிடைவாட்டில் போட்ட சைடு போர். அப்புறம் கம்ப்ரசர், ஜெட் பம்பு, கடைசியில் ஆழ்துளைக்குள்ளேயே முழுகிக் கிடக்கும் சப்மெர்சிபிள். கடினப்பாறையைக் காற்றழுத்தச் சுத்தியலால் துளைக்கும் ரிக் எந்திரங்கள், 1960களின் பஞ்சத்தை ஒட்டிக் குடிநீருக்காக யுனிசெஃப் உதவியோடு இந்தியாவுக்குள் வந்தவை. திருச்செங்கோட்டுக்காரர்கள் அந்தத் தொழிலைக் கைப்பற்றி, ரிக் வண்டிகளை நாடு முழுதும் அனுப்பும் ஊராகத் தங்கள் ஊரை மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வரம்பு ஒன்று குறுக்கே நின்றது; ஒவ்வொரு கட்டத்திலும் அதைத் தாண்டப் புதிய கருவி வந்தது. வட ஆற்காடு, வைகைப் படுகைக் கிராமங்களை ஆராய்ந்த பொருளியலாளர் எஸ். ஜானகராஜன் போன்றோர் இதைப் போட்டிபோட்டு ஆழப்படுத்துதல் என்று விவரித்திருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் ஆழப்படுத்தினால் நானும் ஆழப்படுத்தியாக வேண்டும். முடியாவிட்டால் என் கிணறு வெறும் பள்ளம். இந்தப் போட்டியில் முதலில் வெளியேறுபவர் யார் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. அடுத்த துளைக்குப் பணம் புரட்ட முடியாதவரே அவர்.

இப்படிச் சொன்னால், பழைய காலத்தைப் பொன்னுலகமாகக் காட்டுகிறீர்கள் என்ற மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. ஏற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னுமாக நடக்கும் ஆள் கைப்பிடி தவறினால் விழுந்து சாக வேண்டியதுதான். கூனை என்ற வாளியைப் பிடிப்பவர் விடியலுக்கு முன்பிருந்து ஈரத்தில் நிற்பார். ஏற்றப்பாட்டின் அழகை நாம் வியக்கிறோம். இத்தனையாவது கூனை என்று எண்ணிக்கை வைத்துக்கொள்வதும், உடம்பு வலியை மறப்பதும் அந்தப் பாட்டின் வேலைகள். இறைத்தவர்களில் பெரும்பாலோர் சொந்தக் கிணறு வைத்திருந்தவர்கள் அல்லர், பண்ணையாட்கள், படியாட்கள். கொங்குப் பகுதியில் மாட்டை ஓட்டியதும் சாலுக்குத் தோல் தைத்ததும் பெரும்பாலும் அருந்ததியர் குடும்பங்கள். கூலி தவசமாக அளக்கப்பட்டது. ஆக, அந்த எழுதாத தண்ணீர்ச் சட்டம் நிலத்தடி நீரைக் காத்ததற்கான விலையை ஒரு சாதியாரின் முதுகும் ஒரு ஜோடி மாட்டின் கழுத்தும் கொடுத்தன. வரம்பு இருந்தது உண்மை. அதை யாரும் யோசித்து வைக்கவில்லை என்பதும், அது நீதியானதாக இல்லை என்பதும் அதே அளவு உண்மை. பஞ்ச காலத்தில் கவலைக் கிணறுகளும் வற்றித்தான் போயின. மோட்டார் வந்தபோது அந்த முதுகுகள் நிமிர்ந்தன. அதை நஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அதே மோட்டார், தோல் தைத்தவரின் பிழைப்பையும் ஆண்டு முழுதும் இருந்த இறைப்பு வேலையையும் ஒருசேர எடுத்துக்கொண்டது. விடுதலையும் வேலையிழப்பும் ஒரே மின்கம்பியில் வந்தன. காங்கேயம் காளைக்கும் இதே கதிதான்: கிணற்று வேலை முதலில் போயிற்று, உழவும் வண்டியும் டிராக்டரோடு போயின, காளையை வைத்துக்கொள்ளக் காரணம் குறைந்தது. மாட்டுத் தீவனச் சோளத்துக்கு ஒதுக்கிய நிலம் பருத்திக்கும் மஞ்சளுக்கும் கரும்புக்கும் போனதால் வருமானம் கூடியது. தண்ணீர்த் தேவையும் கூடவே ஏறியது.

இரண்டாவது மறுப்பு பொருளாதாரம் படித்தவர்களிடமிருந்து வரும். இத்தனை சுற்று எதற்கு? மின்சாரத்தை இலவசமாகக் கொடுத்தார்கள், தண்ணீரை உறிஞ்சிவிட்டார்கள், கதை முடிந்தது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. மும்முனை மின்சாரம் எந்நேரம் வந்தாலும் மோட்டார் தானே ஓடிக்கொள்ளும்படி ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு வீட்டில் தூங்கும் வழக்கம், யூனிட்டுக்குக் காசு கட்ட வேண்டியிருந்தால் இவ்வளவு பரவியிருக்காது. நடுராத்திரியில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு பாதைக்கு ஓடும் தண்ணீரைத் தடுக்க அங்கே யாரும் இருப்பதில்லை. கவலை ஓட்டியவர் ஒரு சாலையும் இப்படி விட்டிருக்கமாட்டார். ஆனால் கால வரிசையைப் பார்த்தால் இந்த வாதம் தடுமாறுகிறது. சிறு உழவர்களுக்கு இலவச மின்சாரம் வந்தது 1984இல். எல்லா உழவர்களுக்கும் வந்தது 1990இல். கொங்குக் கிணறுகளில் இரண்டாவது திண்டும் வெடிக்குழியும் அதற்கு முன்பே வந்துவிட்டன. மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர் சங்கத்தின் நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் 1970களில் மாட்டுவண்டிகளால் கோயம்புத்தூர் சாலைகளை அடைத்தபோது அவர்கள் கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தவர்கள்தான். கட்டணம் இருந்த காலத்திலேயே நீர்மட்டம் இறங்கி, அதிகக் குதிரைத்திறன் தேவைப்பட்டு, செலவு கூடியதும் அந்தக் கோபத்தின் பின்னணி. அணைப் பாசனக்காரருக்குப் பெயரளவுத் தண்ணீர்த் தீர்வையோடு நீர் கிடைக்கும்போது, சொந்தச் செலவில் கிணறு வெட்டியவர் மட்டும் ஒவ்வொரு சொட்டுக்கும் காசு கட்ட வேண்டுமா என்ற அவர்களின் கேள்விக்கு இன்றுவரை சரியான பதில் கிடையாது. இலவச மின்சாரம் சரிவை வேகமாக்கியது. சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஏரிகளின் சரிவையும் பம்புசெட்டின் தலையில் முழுதாகக் கட்ட முடியாது. தமிழகத்தில் சுமார் 39,000 ஏரி குளங்கள் கணக்கில் இருக்கின்றன. 1960களின் தொடக்கத்தில் பாசனப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவற்றை நம்பியிருந்தது. இன்று கிணறுகளே பாதிக்கு மேல் பாய்ச்சுகின்றன. காலனியாட்சியில் பராமரிப்பு ஊரின் கையைவிட்டுப் பொதுப்பணித் துறைக்குப் போனது, ஊரார் கூடிப் பராமரிக்கும் குடிமராமத்து நசிந்தது, வரத்து வாய்க்கால்களில் கட்டடம் முளைத்தது என்று காரணங்கள் பல. ஆனாலும் ஆயக்கட்டுக்குள்ளேயே சொந்தக் கிணறும் மோட்டாரும் வந்தது தனி விளைவை உண்டாக்கியது. ஏரியைத் தூர்வார ஊரைக் கூட்டக்கூடிய செல்வாக்கு யாருக்கு இருந்ததோ, அவருக்குத்தான் முதலில் மோட்டார் வாங்க வசதியும் இருந்தது. மோட்டார் வாங்கியபின் ஏரி நிறைந்தால் நல்லது, நிறையாவிட்டாலும் அவர் பயிர் காயாது. வயல்களுக்கு நீர் பகிரும் நீர்க்கட்டிக்குக் கொடுக்க வேண்டிய கூலியில் அவருக்கு அக்கறை குறைந்தது. முறைவைத்துப் பாய்ச்சிய ஊரில் முறை தேவைப்படாத சிலர் உருவானதும், முறை மற்றவர்களுக்கும் தளர்ந்தது. ஊர் வகுத்த கட்டுப்பாடு, யாரும் வகுக்காத கட்டுப்பாடு இரண்டுமே ஒரே கருவியால் தளர்ந்ததற்கு இது சான்று.

சொட்டுநீர் வந்துவிட்டதே, இனிக் கவலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நீண்ட பதில் வேண்டாம். சொட்டுநீர்க் குழாய் ஒரு ஏக்கருக்கு ஆகும் நீரைக் குறைக்கிறது. மிச்சமான நீரை உழவர் கிணற்றிலேயே விட்டுவைக்க எந்தக் காரணமும் இல்லை. பக்கத்தில் தரிசாகக் கிடக்கும் இரண்டு ஏக்கருக்கு அவர் குழாயை நீட்டுவார். நீட்டுவது அவரைப் பொறுத்தவரை புத்திசாலித்தனம். எவ்வளவு எடுக்கலாம் என்ற பொது அளவு ஒன்று இல்லாத ஊரில் சிக்கனக் கருவியும் பரப்பைப் பெருக்கும் கருவியாகிவிடுகிறது.

அப்படியானால் பொது அளவு வைக்க முடியுமா? உழவர் கட்டுப்பட மாட்டார், அரசியல் தாங்காது என்பது கடைசி மறுப்பு, கனமானதும் அதுவே. 2003இல் தமிழகச் சட்டமன்றம் நிலத்தடி நீருக்கு ஒரு சட்டம் இயற்றியது. முழுமையாக நடைமுறைக்கு வராமல் கிடந்து 2013இல் அது நீக்கப்பட்டது. மாநிலத்தின் குறுவட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஊறுவதைவிட எடுப்பது கூடுதலாக உள்ளவை என்று அரசின் கணக்கே சொல்லும் நிலையில் இது நடந்தது. இருந்தாலும் உழவர் கட்டுப்பட மாட்டார் என்பதை நான் ஏற்கவில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் ஆயக்கட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்தே தண்ணீர் விடுகிறார்கள். சண்டை வருகிறது, வாய்க்காலில் திருட்டு மோட்டார் வைப்பவரும் உண்டு. ஆனால் தன் முறை வரும்வரை காத்திருப்பது என்ற எண்ணம் அந்த உழவர்களுக்கு அன்னியமானதல்ல. மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜார் என்ற வறண்ட ஊரில், 1990ஐ ஒட்டித் தலைவரான போப்பட்ராவ் பவார் காலத்தில், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை என்று ஊரே முடிவெடுத்தது. ஆண்டுதோறும் பெய்த மழையை அளந்து, அந்த அளவுக்கு எந்தப் பயிர் வைக்கலாம் என்று கிராமசபையில் பேசித் தீர்மானிக்கிறார்கள். அங்கும் மோட்டார் ஓடுகிறது. அது எந்தப் பயிருக்கு ஓடலாம் என்பதை ஊர் பேசிக்கொள்கிறது. சிறிய ஊர், செல்வாக்கான தலைவர், அரசுத் திட்டங்களின் ஆதரவு என்று அதன் வெற்றிக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். முடியவே முடியாது என்ற வாதத்தை உடைக்க ஒரு ஊர் போதும்.

இப்போது அடுத்த கருவி வந்து நிற்கிறது. 2019இல் ஒன்றிய அரசு தொடங்கிய பிஎம்-குசும் திட்டத்தின் மானியத்தோடு சூரியசக்தி மோட்டார்கள் தோட்டங்களுக்கு வருகின்றன. வெயில் இருக்கும்வரை ஓடும். மின்வாரியத்தின் நேர ஒதுக்கீட்டுக்கும் அது கட்டுப்படாது. மாட்டின் களைப்பு போனபின் எஞ்சியிருந்த ஒரே வரம்பு, மும்முனை மின்சாரம் நின்றுபோகும் நேரம்தான். அதுவும் இப்போது விடைபெறுகிறது. ஆனால் இந்தக் கருவிக்குள் பழைய கருவிகளில் இல்லாத ஒரு வாய்ப்பும் இருக்கிறது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற கிராமத்தில், சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு சில உழவர்கள் கூட்டுறவு அமைத்து, சூரிய மோட்டார்களை மின்கட்டத்தோடு இணைத்தார்கள். 2016 முதல், பாய்ச்சியது போக மிஞ்சும் மின்சாரத்தை மின் வழங்கும் நிறுவனத்துக்கு விற்று வருகிறார்கள். பக்கத்து வயலுக்குத் தண்ணீர் விற்பதும் அங்கே நிற்கவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். எது கூடுதலாகத் தருகிறதோ அதை விற்பார்கள். எனினும் அந்தக் கிணற்று மேட்டில் ஸ்டார்ட்டரைத் தொடும் கை, இப்போது ஓட்டுவதா, மின்சாரத்தைக் கம்பியில் விடுவதா என்று ஒரு கணம் கணக்குப் பார்க்கிறது. தமிழகத்துத் தோட்டங்களுக்கு வரும் சூரிய மோட்டார்களில் பெரும்பாலானவை அப்படி எந்தக் கம்பியோடும் இணைக்கப்படாமல், தனியாகத்தான் வந்து இறங்குகின்றன.